±0.1-க்கு ஒரு விலை, ±0.01-க்கு வேறு விலை: லேத் பட்டறைக் கணக்கு என்ன?

கோவையில் ஒரு லேத் பட்டறைக்கு டிராயிங்கோடு போனால், அனுபவசாலியின் கண் முதலில் தேடுவது டாலரன்ஸைத்தான். அதாவது, சொன்ன அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அனுமதி.

25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு ±0.1 என்றால் சாதாரண டர்னிங்கிலேயே வேலை முடியும். ±0.01 என்றால் கிடைக்கும் மொத்த இடமே 20 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிய கணக்கு! பெரும்பாலும் கிரைண்டிங் தேவைப்படும், பீஸ் பீஸாக அளக்கணும், ரிஜெக்‌ஷனும் கூடும். விலை ஏறாமல் என்ன செய்யும்? பேரிங் உட்காரும் இடத்துக்கு இந்தத் துல்லியம் தேவைதான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டிராயிங்கில் எல்லா அளவுக்கும் அதையே போடுவதுதான் வீண் செலவு.

அடுத்த வம்பு, சூடு. அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மெஷினிலிருந்து இறங்கிய சூட்டோடு, மைக்ரோமீட்டரைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும்போது 100 மி.மீ. காட்டிய ஸ்டீல் பீஸ், ஆறியதும் சுமார் 17 மைக்ரான் சுருங்கிவிடும். அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பட்டறையில் ‘ஓகே’ ஆன பீஸ், வாங்கியவர் கையில் ‘ரிஜெக்ட்’ ஆவது இப்படியும்தான்.

நஷ்டம் யாருக்கு? ஜாப் ஒர்க்கில் மெட்டீரியல் ஆர்டர் கொடுத்தவருடையது. பட்டறைக்குக் கூலி மட்டுமே. கெட்டுப்போன ஒரு பீஸின் மெட்டீரியல் விலையைப் பில்லில் பிடித்தால், பல பீஸ்களின் கூலி போய்விடும்.

எந்த அளவு முக்கியம், யார், எந்தக் கருவியில், எப்போது அளப்பது என்பதை ஆர்டருக்கு முன்பே பேசிவிடலாம். முதலில் ஒரே ஒரு சாம்பிள் பீஸ். அதை இரு தரப்பும் அளந்து பார்த்த பிறகு மீதியை ஓட்டலாம்.