கம்பளத்தைத் திருப்பிப் பாரு மச்சி!

செமஸ்டர் லீவ் வந்தாச்சு. ஜெய்ப்பூர், மூணாறு, கோவா என்று ஆளுக்கொரு திசையில் பையைத் தூக்கிட்டுக் கிளம்பப் போறீங்க. ஐ.வி. என்ற பெயரில் ரெண்டு மணி நேரம் ஃபேக்டரி, ரெண்டு நாள் ஷாப்பிங் என்று போற கோஷ்டியும் இருக்கீங்க (எங்க டிபார்ட்மென்ட் அப்படித்தான்). திரும்பி வரும்போது அம்மாவுக்கு ஒரு பெட்ஷீட், ஹாலுக்கு ஒரு கார்ப்பெட் என்று எதையாவது வாங்காமல் வர மாட்டீங்க. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதையைக் கேட்டுட்டுப் போங்க. பாரீஸ் பெரியப்பா தமிழ்ப் பத்திரிகை படிக்கிறதை விட்டு இருபது வருஷம் ஆச்சு என்கிற தைரியத்தில்தான் எழுதுறேன்.

எங்க ஊர் பாகூர். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பக்கம், பெரிய ஏரி, பழைய மூலநாதர் கோயில், சுற்றிலும் வயல். எங்க பக்கமும் வில்லியனூர் பக்கமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற குடும்பங்கள் ரொம்ப சகஜம். பெரியம்மா சொல்தா வீட்டுப் பெண். அதனால கல்யாணமான கையோடு பெரியப்பாவும் பாரீஸ்காரர் ஆகிட்டார். போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு இஸ்தான்புல் டூர் போனவர், அங்கே கிராண்ட் பஜாருக்குள் நுழைந்திருக்கிறார். 1450-களில் ஆரம்பித்த பஜார் அது. ஆயிரக்கணக்கில் கடைகள். உள்ளே போனவரை உட்கார வைத்து, கண்ணாடி டம்ளரில் ஆப்பிள் டீ கொடுத்து, ஒண்ணு மேல ஒண்ணா கம்பளங்களை உருட்டி விட்டிருக்கிறார்கள். இருபது கம்பளம் விரித்தவனிடம் ஒண்ணு கூட வாங்காமல் எப்படி எழுந்து வர்றது? 'ஒரிஜினல் பட்டு, கை முடிச்சு, ஒரு சதுர அங்குலத்துக்கு 400 முடிச்சு' என்று சொல்லி 900 யூரோவில் ஆரம்பித்த பேரம் 450-க்கு முடிந்ததாம். நம்ம ஊர் காசுக்கு சுமாராக 45,000 ரூபாய். எங்க அக்கா கல்யாணத்துக்குச் சீர்!

கம்பளத்தை ஹாலில் விரித்தோம். ஆறடிக்கு நாலடி. சிவப்பும் நீலமுமா, மினுமினுன்னு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. தாத்தா மட்டும் ஒண்ணும் சொல்லவில்லை. மூலையைப் பிடித்துத் திருப்பினார். கட்டை விரலால் முதுகுப் பக்கம் ஒரு தேய். ஓரத்துக் குஞ்சத்தை ஒரு இழு. மறுபடி விரித்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார்.

தாத்தா யாருன்னு சொல்லணும். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லில் தறி டிபார்ட்மென்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தினமும் பாகூரிலிருந்து சைக்கிள். 1898-ல் தொடங்கிய மில் அது. 2020-ல் மூடியே விட்டார்கள். கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது தாத்தா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். பாண்டிச்சேரி நெசவு என்றால் ஒரு காலத்தில் உலகத்துக்கே தெரியும். இங்கே நீலச் சாயம் போட்ட 'கினே' துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் செனகல் வரை கொண்டுபோய், அதைக் கொடுத்து பிசின் வாங்கினார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30-ம் தேதி 12 மில் தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர் இது. அந்தப் பரம்பரைக் கட்டை விரல் சும்மா தேய்க்குமா?

ராத்திரி திண்ணையில் என்னிடம் மட்டும் சொன்னார். "டே தம்பி, அது மெஷின் ஓட்டினது. பட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

எனக்குத் தூக்கம் போச்சு. தாத்தா சொன்னதை நம்பாமல் இல்லை, ஆனால் இன்ஜினீயரிங் படிக்கிற திமிர் ஒண்ணு இருக்கே! அதன் முதுகிலிருந்து நாலு நூலை உருவி ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனேன். நீங்களும் செய்யலாம். கம்பளியோ நிஜப் பட்டோ என்றால் நெருப்பில் காட்டினதும் முடி பொசுங்குற வாடை வரும், கரி தொட்டால் பொடியும். பருத்தியும் ரேயானும் பேப்பர் எரியுற வாடை. பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் வகையறா உருகி, ஆறினதும் கெட்டியா மணி மாதிரி உருண்டு நிக்கும். என் கையில் நின்றது மணி. பிளாஸ்டிக் வாடைக்கு வார்டன் ஓடி வந்து, சிகரெட் என்று நினைத்து என் ரூமைச் சோதனை போட்டது தனிக் கதை.

கடையில் தீக்குச்சி கிழிக்க முடியாது இல்லையா... அங்கே தாத்தா டெக்னிக்தான். திருப்பிப் பாருங்க. கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில், முன்னால் இருக்கிற பூ அப்படியே பின்னாலும் தெளிவாகத் தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அச்சடிச்ச மாதிரி ஒரே சீராக இருந்தாலோ, பின்னால் பசை பூசி வேறு துணி ஒட்டியிருந்தாலோ சந்தேகப்படுங்க. அடுத்தது குஞ்சம். கைத்தறியில் பாவு நூலே நீண்டு வந்து குஞ்சமாகத் தொங்கும், அதை இழுத்தால் கம்பளமே வரும். எங்க வீட்டுக் கம்பளத்தில் குஞ்சத்தைத் தனியா வாங்கி ஓரத்தில் தையல் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் வெறும் கணக்கே போதும் பாஸ். ஆறுக்கு நாலு என்றால் 3,456 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 400 முடிச்சு என்றால் மொத்தம் 13,82,400. துருக்கி முடிச்சு என்பது ரெண்டு பாவு இழையைச் சேர்த்துச் சுற்றி, நடுவில் நூலை வெளியே இழுத்து வெட்டுறது. ஒருத்தர் ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 173 நாள் ஆகும். 45,000 ரூபாயை 173-ஆல் வகுத்தால் நாளுக்கு 260 ரூபாய். அதிலேயே பட்டு நூல், சாயம், கடை வாடகை, பெரியப்பா குடித்த ஆப்பிள் டீ எல்லாம் அடக்கம்! கை வேலையாக இருக்க வாய்ப்பே இல்லை. நிஜமாகவே இருந்திருந்தால் அது அதைவிடக் கொடுமை, யாரோ ஒரு பொண்ணோட அரை வருஷ உழைப்பு ஓசியில் வந்திருக்கு என்று அர்த்தம்.

துருக்கியில் 'கிலிம்' என்று இன்னொரு வகை உண்டு. முடிச்சு கிடையாது. ஊடை நூலை நெருக்கி அடித்து பாவையே மறைத்து, தட்டையாக நெய்வது. இதைப் படித்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று தோணுச்சு. எங்கே? நம்ம வீட்டுப் பரண்! பவானி ஜமக்காளமும் இதே டெக்னிக்தான். கோடு போட்ட அதே ஜமக்காளம், கல்யாண மண்டபத்தில் நாம உருண்டு புரண்டதே, அதேதான். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. 1985-ம் வருஷத்து கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனாலும் சோலாப்பூர் பக்கத்து விசைத்தறிச் சரக்கு பாதி விலைக்கு வந்து பவானித் தறிகளை அடிக்கிறது. 2006-லிருந்து கைத்தறி முத்திரை என்று ஒன்று இருக்கு, வாங்கும்போது அதைத் தேடுங்க. ஈரோடு பக்கம் ஐ.வி. போற மக்கள், பவானி வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.

சரி, பெரியப்பாவிடம் சொன்னோமா? நான் சொல்லியே ஆகணும் என்று குதித்தேன். ஏமாந்தது தெரிஞ்சாதானே அடுத்த தடவை ஏமாற மாட்டார்? தாத்தா முறைத்தார். "சீர் குடுத்தவன்கிட்ட வெலையப் பேசுவியா நீ?" அத்தோடு வாயை மூடிக்கிட்டேன்.

கல்யாணம் முடிந்து பாரீஸ் கிளம்பும் முன்னால், ஆபீஸ் ஆட்களுக்குக் கொடுக்க ஏதாவது வேணும் என்றார் பெரியப்பா. நான் வில்லியனூர் கூட்டிப்போனேன். தாத்தாவும் கூட வந்தார். புதுவையிலிருந்து விழுப்புரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர். திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குப் பேர் போன ஊர். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. அந்த ஊர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சூட்கேஸில் எடை கூடக் கூடாது என்கிறவர்கள் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை பக்கம் போகலாம், அதுவும் குறியீடு பெற்ற நம்ம ஊர்ச் சரக்குதான்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா பிள்ளையார் செய்துகொண்டிருந்தார். உள்ளங்கை அளவு பிள்ளையார், முறத்துக் காதில் நரம்பு கூடத் தெரியுது! பக்கவாட்டில் அச்சு ஒட்டின கோடு இருக்கா என்று திருப்பிப் பார்த்தேன் (வியாதி தொத்திக்கிச்சு). இல்லை. ஒண்ணு 350 ரூபாய்.

"இருநூறு போட்டுக்கோம்மா" என்றார் பெரியப்பா.

"மண்ணு, வெறகு, சூளையில வெடிச்சது எல்லாத்தையும் சேத்துத்தான் சார் சொல்றேன்."

வெடிச்சதா என்று கேட்டேன். உள்ளே துளி ஈரம் நின்றாலும் சூளையில் பொம்மை வெடித்து, பக்கத்தில் இருக்கிறதையும் உடைக்குமாம். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நான் எழுதிய விஷயம்தான், தண்ணீர் ஆவியானால் கொள்ளளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். பரீட்சையில் அது ரெண்டு மார்க். அந்த அக்காவுக்கு ஒரு வாரக் கூலி.

பெரியப்பா விடுவதாக இல்லை. இருநூற்றைம்பது என்றார். இஸ்தான்புல்லில் 450 யூரோவை சிரித்துக்கொண்டே எண்ணின மனுஷன்! எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தாத்தா என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரெண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து அந்த அக்கா பக்கத்தில் வைத்தார். "அப்பா, நீங்க எதுக்கு..." என்று பதறிப்போன பெரியப்பா, அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு பிள்ளையாருக்கும் 2,100 ரூபாயை ஜிபே பண்ணினார். அந்த அக்கா வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. கரையாம்புத்தூர் பஸ் ஒண்ணு எங்களை முந்தியது. பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "அப்பா, கம்பளத்தைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே. நல்லதுதானே?"

தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "நல்லா ஒழைக்கும்டா. எத்தன தடவ அலசினாலும் சாயம் போவாது."