உங்களுக்குத் தெரியுமா? தோட்டப்பாளையத்து மூஞ்சூறும் ஹன்டா வைரஸும்

● வேலூர் தோட்டப்பாளையத்தின் பெயர் உலக வைரஸ் பட்டியலில் இருக்கிறது. 1964-ல் மூளைக்காய்ச்சல் கிருமியைத் தேடி நடந்த ஆய்வில், அங்கே பிடிபட்ட ஒரு மூஞ்சூற்றிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். கொசு பரப்பும் கிருமியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது ஹன்டா வைரஸ் என்று தெரியவே பல வருடங்கள் ஆயின. ஹன்டா என்ற பெயர் பிறக்கும் முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்ட ஹன்டா வைரஸ் அது! இன்று அதன் பேரினத்துக்குத் ‘தோட்டிம்வைரஸ்’ என்று பெயர். தோட்டப்பாளையத்தில் பாதி, கொரியாவின் இம்ஜின் ஆற்றில் பாதி.

● அந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக இதுவரை உறுதியாகவில்லை. இன்னொன்று: மூஞ்சூறு எலியே அல்ல. பூச்சி தின்னும் பிராணி, முள்ளெலிக்குச் சொந்தம்.

● ‘ஹன்டா’ என்பது கொரியாவில் ஓடும் ஹன்டான் ஆறு. 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரில் ஐ.நா. படை வீரர்கள் 3,000 பேருக்கு மேல் கடும் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று விழுந்தார்கள். காரணம் தெரியாமலேயே போர் முடிந்தது. 1976-ல்தான் கொரிய விஞ்ஞானி லீ ஹோ-வாங், முதுகில் கருங்கோடு ஓடும் வயல் எலியின் நுரையீரலில் அந்தக் கிருமியின் தடயத்தைக் கண்டார். தடுப்பூசியையும் அவரே உருவாக்கினார். 1990 முதல் கொரியாவில் அது போடப்படுகிறது.

● எலிக்கு இந்த வைரஸால் காய்ச்சல்கூட வருவதில்லை. சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக வெளியேற்றிக்கொண்டே நன்றாக வாழ்கிறது. அவை காய்ந்து தூசியாகிப் பறக்கும்போது நாம் சுவாசிக்கிறோம். கடி தேவையில்லை, மூச்சு போதும்.

● அதனால்தான், பூட்டிக் கிடந்த அறையில் எலிப்புழுக்கை கிடந்தால் துடைப்பத்தைத் தொடவே கூடாது. நம் கை முதலில் போவது அதன் மேல்தான்! ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தை நன்றாக நனையுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத்தால் வழித்தெடுத்துக் கட்டி எறியுங்கள்.

● 1993 மே மாதம், அமெரிக்காவின் தென்மேற்கில் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட பகுதியில், திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென மூச்சுத் திணறி இறந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் நாவஹோ பழங்குடியினர். உடனே பத்திரிகைகள் அதை ‘நாவஹோ ஃப்ளூ’ என்று எழுதின. வீட்டில் சாவு விழுந்த மக்களையே நோயின் பெயராக்கியது பெரிய கொடுமை.

அந்த மக்களின் மூத்தோரோ விடைக்கு மிக அருகில் இருந்தார்கள். மழை கூடினால் பைன் கொட்டை கூடும், கொட்டை கூடினால் எலி கூடும், எலி கூடினால் சாவு வரும். 1918-லும் 1933-லும் இப்படி நடந்தது என்றார்கள். எலி வெளியுலகத்துக்கு உரியது, வீட்டுக்குள் விடாதே, அது தொட்ட துணியை எரித்துவிடு என்பது அவர்களின் பழைய கட்டுப்பாடு. எல் நீன்யோ மழை பெய்து மான் எலிகள் பெருகியிருந்ததை ஆய்வாளர்கள் பிறகு உறுதி செய்தார்கள்.

அந்தச் சாவுகளுக்குக் காரணமான ஹன்டா வைரஸுக்கு அந்தப் பகுதியின் பெயரைச் சூட்டப் பார்த்தபோது எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் வைத்த பெயர் ‘சின் நோம்ப்ரே’. ஸ்பானிய மொழியில் ‘பெயர் இல்லாதது’ என்று அர்த்தம்.

● இந்த நுரையீரல் நோய் வந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. சரியான நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பதே உயிர் காக்கும் வழி. ஃபின்லாந்தில் காட்டெலி பரப்பும் பூமாலா வைரஸ் இவ்வளவு கொடியது அல்ல. வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் தொற்றினாலும் இறப்பவர் மிகச் சிலரே. பூமாலா என்பதும் ஓர் ஊரின் பெயர்தான்.

● ஹன்டா வைரஸ் பொதுவாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வைரஸ் மட்டும் விதிவிலக்கு. 2018-ன் இறுதியில் அர்ஜென்டினாவின் எப்புயென் என்ற சிற்றூரில், காய்ச்சலோடு ஒருவர் பிறந்தநாள் விருந்துக்குப் போனார். அங்கிருந்து தொடங்கிய சங்கிலியில் 34 பேருக்கு நோய், 11 பேர் பலி. நோயாளிகளோடு பழகியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் தனிமைப்பட்ட பிறகுதான் அது அறுந்தது.

● நாம் எலிக்காய்ச்சல் என்பது லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவால் வருவது, ஆன்டிபயாட்டிக்கில் தீரும். ஹன்டா வேறு. ஆனால் காய்ச்சல், உடல்வலி, தட்டணு குறைவு, சிறுநீரகப் பாதிப்பு என்று அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். எலிக்காய்ச்சல், டெங்கு என்று நினைத்துக் கடந்துபோகும் காய்ச்சல்களில் இதுவும் ஒளிந்திருக்கலாம்.

● வேலூர் ஆய்வாளர்கள் தானியக் கிடங்குத் தொழிலாளர்கள், எலி பிடிக்கும் இருளர்கள் ஆகியோரின் ரத்தத்தில் ஹன்டா வைரஸோடு வினைபுரியும் எதிர்ப்பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். எப்போதோ உடலுக்குள் வந்துபோன தொற்றின் சுவடு அது. இருளர்கள் எலி பிடிக்கும் பழைய முறையை நினைத்துப் பாருங்கள். மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயாலேயே ஊதி வளைக்குள் புகை செலுத்துவார்கள். நம் நெல்லைக் காக்கும் அந்த மனிதரின் முகம், எலிவளையின் வாயிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளியிருக்காது.