பந்து விழுந்த ஆறு

பெர்லின் நகரின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில், ஓபர்பவும் பாலத்தை ஒட்டி ஸ்ப்ரே ஆற்றின் கரை. இன்று பிள்ளைகள் அங்கே சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்து உட்காரலாம். அலுத்துப்போனால் பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போகலாம். சில நிமிட நடைதான்.

1966 முதல் 1975 வரை அந்தக் கரையோரத்தில் ஐந்து சிறுவர்கள் நீரில் விழுந்து இறந்தார்கள். மூத்தவனுக்கு எட்டு வயது.

காப்பாற்ற ஆளில்லாமல் இறக்கவில்லை. 1961 ஆகஸ்ட் 13 முதல் கிழக்கு ஜெர்மனி மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்த எல்லை 155 கிலோமீட்டர் நீளம். இந்த இடத்தில் அந்த எல்லை மேற்குக் கரையின் விளிம்பிலேயே ஓடியது; ஆறு முழுவதும் கிழக்குக்குச் சொந்தம். கரையிலிருந்து குதித்தால் அந்நிய நாட்டுக்குள் குதித்ததாகிவிடும். எதிரே துப்பாக்கியோடு எல்லைக் காவலர்கள். 1972இல் எட்டு வயதுப் பையன் விழுந்தபோது, மேற்கின் தீயணைப்பு வீரர்கள் வந்தும் நீரில் இறங்க முடியாமல் கரையிலேயே நின்றார்கள். 1975 மே மாதம், ஒரு துருக்கியக் குடும்பத்துச் சிறுவன் ஆற்றில் விழுந்த பந்தை எடுக்கப் போனான். அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். அவனுடைய உடலைக் கிழக்குப் பக்கத்து வீரர்கள்தான் வெளியே எடுத்தார்கள். விழுந்தவர்களை இனி மேற்கிலிருந்தும் காப்பாற்றலாம் என்ற ஒப்பந்தம் அந்த அக்டோபரில்தான் கையெழுத்தானது. அதற்கு ஐந்து பிள்ளைகள் சாக வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றும் அமைதியாக எழுத முடியவில்லை.

மற்றபடி, சுவருக்குள் வளர்ந்த பிள்ளைகள் இருட்டறையில் வளரவில்லை. கோடையில் நீந்த வான்ஸே ஏரி இருந்தது, சுற்றித் திரிய குரூனவால்ட் காடு இருந்தது. பனி பெய்தால் போரின் இடிபாடுகளைக் கொட்டி எழுப்பிய டாய்ஃபெல்ஸ்பெர்க் குன்றில் சறுக்கலாம். குரோய்ட்ஸ்பெர்க்கின் ஏழைப் பிள்ளைகளுக்கோ சுவரடிதான் மைதானம். வாடகை மலிவு என்று குடியேறிய துருக்கியத் தொழிலாளர் குடும்பங்கள் வெயில் நுழையாத முற்றங்களைச் சுற்றிய பழைய அடுக்குவீடுகளில் இருந்தன. சுவர் தெருக்களைக் குறுக்கே வெட்டியிருந்ததால் அங்கே போக்குவரத்து அற்றுப்போயிருந்தது. பிள்ளைகள் நடுத்தெருவில் பந்து விளையாடினார்கள். சுவரைக் கிழக்கு அரசு தன் நிலத்துக்குள் சற்றுத் தள்ளியே கட்டியிருந்தது. அதனால் சுவரை ஒட்டிய மேற்குப் பக்கத்து நிலத்துண்டும் கிழக்கைச் சேர்ந்ததுதான். மேற்கின் போலீஸ் அங்கே தலையிட முடியாது. நாடு மாறியதே தெரியாமல் பிள்ளைகள் அதில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

சுவரடி மனையை அப்போது விலைகொடுத்து வாங்க ஆளில்லை. 1981இல் அடால்பர்ட் தெருவின் முடிவில் அப்படிச் சும்மா கிடந்த ஓரிடத்தில் அக்கம்பக்கத்தார் ஆடு, கோழி வளர்த்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பண்ணை போட்டார்கள்.

1989 நவம்பர் 9 இரவு எல்லை திறந்தது. இன்று சுவர் நின்ற தடத்திலேயே சுமார் 160 கிலோமீட்டர் சைக்கிள் பாதை நகரைச் சுற்றி வருகிறது. நகரின் விளிம்பாகக் கிடந்த குரோய்ட்ஸ்பெர்க் ஒரே நாளில் அதன் மையமானது. மனை விலை ஏறியது, வாடகை ஏறியது, ஆற்றோரத்தில் அலுவலகக் கட்டடங்கள் எழும்பின. முன்பு அந்தத் தெருக்களில் விளையாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கேயே வீடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அந்தப் பழைய வெற்றிடங்களுக்காக ஏங்குவோர் உண்டு. நான் ஏங்கமாட்டேன், அந்த ஆற்றங்கரை நினைவில் இருக்கும்வரை. ஆனால் கவனிப்பாரற்றுக் கிடந்ததால் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடத்தை, கவனம் வந்த பிறகு அவர்களிடமிருந்து பிடுங்குவது அநியாயம்.

அடால்பர்ட் தெருப் பண்ணை தப்பிவிட்டது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் இன்றும் அங்கே போய் ஆடுகளுக்குத் தீனி வைக்கிறார்கள்.