மாகாணச் செல்வமும் மக்கள் உழைப்பும்

இலங்கையின் மொத்த உற்பத்தியை மாகாணவாரியாகப் பகுத்துக் காட்டும் கணக்கை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டில் ஒன்பது மாகாணங்களுள் மேல் மாகாணம் மட்டுமே ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பெற்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோரோ நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர். ஏனைய மாகாணத்தார் உழைப்பிற் குறைந்தோர் என இதனால் முடிவு கட்டலாமா?

ஜிந்துப்பிட்டியில் வாழும் எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. மலைநாட்டிற் பறித்துப் பதப்படுத்திய தேயிலை 1883 முதல் கொழும்பில் ஏலம் போகிறது. எங்கள் வீதிகளுக்கு அப்பாலுள்ள துறைமுகத்திற் கப்பலேறுகிறது. தோட்டத்திற் பிறந்த பெறுமதி மலைநாட்டுக் கணக்கில் ஏறும். தரகு, களஞ்சியம், காப்புறுதி, வங்கி ஆகியவற்றாற் கூடும் பெறுமதியோ மேல் மாகாணத்தைச் சேரும். கணக்கிற் பிழையில்லை. பெறுமதி எங்கே பிறந்தது என்பதே அதன் கேள்வி. எவர் கைக்குச் சென்றது என்பதன்று.

இங்குள்ள கடைச் சிப்பந்தி அனுப்பும் பணத்தால் ஊரிலே அடுப்பெரிகிறது. அவன் உழைப்போ கொழும்பின் கணக்கிலேயே நிற்கிறது. ஆதலால், மாகாணத் தொகையைக் குடித்தொகையால் வகுத்து, வருவதை மக்களின் வருமானமெனக் கொள்ளலாகாது. இவ்வட்டவணையைக் கற்பிக்கும் ஆசிரியர், புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமானக் கணக்கையும் அருகில் வைத்துக் கற்பிப்பாராக.