வீடு கிடைக்குமா, சார்?

மும்பைத் தமிழர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால், சொந்த ஊரை விசாரித்த கையோடு இன்னொரு கேள்வியும் வரும்: "வந்த புதிதில் எங்கே தங்கினீர்கள்?" அதற்கு நம் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன்.

1994 ஜூன் மாதம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கினேன். கையில் இருந்தது தாராவியில் வசித்த ஊர்க்கார அண்ணாச்சி ஒருவரின் முகவரி மட்டும்தான். அவருடையது பத்துக்குப் பன்னிரண்டடி கோலி. அதில் ஏற்கெனவே ஏழு பேர். நான் வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"ஏழு பேர் படுக்கிற எடத்துல எட்டாவது ஆளுக்கு எடம் இல்லாமலா போயிரும்? பெட்டிய உள்ள வைங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. மூன்று பேருக்கு இரவு வேலை என்பதால், கணக்கும் ஒருவாறு சரியாகவே வந்தது!

மறு ஆண்டு அப்பா காலமானார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருந்தார். அவரை அழைத்துவர வேண்டும். எட்டுப் பேர் கோலிக்கு எப்படி அழைத்து வருவது? வீடு தேடத் தொடங்கினேன்.

மாட்டுங்காவில் கேட்டால் 'பகடி' என்றார்கள். மொத்தமாக ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு சொற்ப வாடகை கட்டும் முறை. அந்தத் தொகையை நான் எண்ணிப் பார்க்கக்கூட முடியாது. சயான், காட்கோபர், முலுண்ட் என்று ரயில் போகும் திசையிலேயே நானும் போனேன். தூரம் கூடக் கூட வாடகை குறைந்தது. கேள்விகள் மட்டும் குறையவில்லை. "கல்யாணம் ஆகிவிட்டதா?" "மதராசியா?" "மீன் சமைப்பீர்களா?" ஒன்பது வீடுகளில் கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்காரர்களின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940-ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்தி வைத்தது. 1973-இல் வந்த திருத்தமோ, அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் குடியிருந்தவர்களையும் வாடகைதாரர்களாக்கிப் பாதுகாப்புக் கொடுத்தது. உள்ளே வந்தவர் வெளியே போகமாட்டார் என்ற அச்சம் ஊரெங்கும் ஊறிப்போயிற்று. பதினோரு மாத ஒப்பந்தம் இங்கே வேரூன்றியதும் இந்த அச்சத்தால்தான்.

பத்தாவது வீடு டோம்பிவிலியில். ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர் ஒருவருடையது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா எப்போது வருகிறார்?" டிபாசிட்டில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. "இரண்டு மாதத்தில் கொடு" என்றார். அன்றிரவு தாராவிக்குத் திரும்பும் ரயிலில் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அந்த வீட்டில்தான் அம்மா வந்து சேர்ந்தார். என் திருமணமும் அங்கே இருந்தபோதுதான் நடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

பின்னாளில் நாங்களும் டோம்பிவிலியில் வீடு வாங்கினோம். இரண்டாவதாக ஒரு சிறிய ஃபிளாட்டும் அமைந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை வாடகைக்கு விட்டபோது, புரோக்கர் ஒரு பையனை அழைத்து வந்தார். ஒடிசாக்காரன். ஐரோலியில் புதிதாக வேலை. "வீடு கிடைக்குமா, சார்?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

உள்ளேயிருந்து வந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த வாத்தியாரும் அன்னைக்கு இப்படிச் சொல்லியிருந்தா அத்தை எங்க இருந்திருப்பாங்க?"

உடனே புரோக்கருக்குப் போன் செய்தேன். மறுநாள் பதில் வந்தது. பையன் வேறு இடத்தில் கட்டில் வாடகைக்குச் சேர்ந்துவிட்டானாம். அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்து வந்தவர்கள் இரண்டு பிரம்மச்சாரிகள்தாம். அவர்களுக்கே கொடுத்தேன். இதுவரை வாடகை ஒருநாளும் தவறியதில்லை.

பயப்படும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும்; பதிவும் செய்யவேண்டும். பதினோரு மாதமானாலும் விலக்கில்லை. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லாமல் தகராறு வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே எடுபடும். ஆகவே நம்மைக் காப்பது பதிவுப் பத்திரம்தான். வந்தவரின் சாதியோ, சாப்பாடோ, மொழியோ அல்ல.

புதிதாக வரும் தம்பி, தங்கைகளே! பதிவு செய்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிபாசிட்டை வங்கி வழியாகக் கொடுங்கள். அது திரும்பி வரும் நாளையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நம்மில் பலர் இன்று சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள். அடுத்த முறை வாசலில் ஒரு பையன் பெட்டியோடு வந்து நின்றால், அண்ணாச்சி போட்ட அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.