தோமார் கோட்டையும் கிறிஸ்து மடமும்

தோமார் கோட்டையும் அதை ஒட்டிய கிறிஸ்து மடமும் போர்த்துகல் நாட்டின் நடுப்பகுதியில், தோமார் நகரை அடுத்த குன்றின்மேல் அமைந்துள்ளன. தலைநகர் லிஸ்பனிலிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். 1983இல் யுனெஸ்கோ இம்மடத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இதன் போர்த்துகேயப் பெயரில் 'கொன்வெந்து' என்ற சொல் இருப்பதால் கன்னியர் மடம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கு வாழ்ந்தவர்கள் ஆண்கள். முதலில் வந்தவர்களோ வாளேந்திய துறவிகள்.

டெம்ப்ளர்கள் எனப்பட்ட அத்துறவிகளின் போர்த்துகேயத் தலைவர் குவால்திம் பயிஸ் 1160இல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். மதிலின் அடிப்பகுதி வெளிப்புறமாகச் சரிந்து அகன்றிருப்பதைப் பார்வையாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முற்றுகையிடுவோர் மரக்கோபுரத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தவும், அடித்தளத்தைத் தோண்டிச் சுவரைச் சாய்க்கவும் இச்சரிவு இடங்கொடுக்காது. 1190இல் மொராக்கோவிலிருந்து வந்த அல்மொகாது படை தெற்கு வாயில் வழியே நுழைந்தும் உட்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அவ்வாயில் இன்றும் இரத்த வாயில் என்றே அழைக்கப்படுகிறது.

கோட்டைக்கும் மடத்துக்கும் இணைப்பாக நிற்பது டெம்ப்ளர்களின் வட்டத் தேவாலயம். வெளிச்சுவருக்கு 16 பக்கங்கள். உள்ளே எட்டுத் தூண்கள் தாங்கும் எண்கோண மண்டபம். எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தை நினைவூட்டும் அமைப்பு இது.

1312இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து டெம்ப்ளர் சபையைக் கலைத்தார். பிரான்சில் அவ்வீரர்கள் பலர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தனர். போர்த்துகல் மன்னர் தினிஸ் வேறு வழி கண்டார். 1319இல் கிறிஸ்து சபை என்ற புதிய சபை நிறுவப்பட, டெம்ப்ளர்களின் சொத்துகள் அதன் கைக்கு வந்தன. 1420இல் இதன் ஆளுநரான இளவரசர் ஹென்றி, சபையின் வருவாயை ஆப்பிரிக்கக் கரையோரக் கடற்பயணங்களுக்குச் செலவிட்டார். 1498இல் கோழிக்கோட்டை அடைந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் தாங்கி வந்ததும் இச்சபையின் சிவப்புச் சிலுவையைத்தான்.

அந்தக் கடல்வழிச் செல்வத்தின் அடையாளம், தியோகோ தெ அருதா 1510-1513 காலத்தில் செதுக்கிய சாளரம். முறுக்கிய கயிறுகள், பவளக்கொடிகள், வான்கோள வளையக் கருவி, உச்சியில் சபையின் சிலுவை என அது நிறைந்திருக்கிறது. பலர் நேரே இங்குதான் விரைகின்றனர். மதிலையும் வட்டத் தேவாலயத்தையும் பார்த்தபின் வந்தால்தான் அச்சிலுவை எங்கிருந்து கிளம்பியது என்பது விளங்கும். தாழ்வாகக் கட்டப்பட்ட சாந்தா பார்பரா முற்றத்திலிருந்து சாளரம் முழுமையாகத் தெரியும். தெற்குப் பக்கத்திலிருந்த மற்றொரு சாளரமோ, பின்னர் எழுந்த பெரிய முற்றத்தின் கட்டடத்துக்குப் பின்னால் ஓரளவு மறைந்துபோயிற்று.