உண்டியலை உடைக்கும் மீன்

அலையாத்திக் காட்டுச் சேற்றில் காலை வைத்தால் முதலில் மூக்குக்குத்தான் சேதி போகும். அழுகிய முட்டை நாற்றம்! மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அந்த நாற்றத்தைக் கிளப்பும் பாக்டீரியாக்கள்தான் இன்றைய கதையில் முக்கியமான ஆட்கள்.

நாம் போகும் இடம் அமெரிக்காவின் தென்கோடியில், ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் எவர்கிளேட்ஸ். 1947இல் தேசியப் பூங்கா ஆனது. உள்ளே புல் மூடிய நன்னீர்ச் சதுப்பு. அந்தத் தண்ணீர் மெல்ல நகர்ந்து கடலைத் தொடும் இடத்தில் அலையாத்திக் காடு. நாலாபக்கமும் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும் அங்குள்ள மரம், நம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குச் சித்தப்பா மகன் மாதிரி. காட்டுக்குள் ஆலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆனாலும் அங்கே பாதரசம் இருக்கிறது. எந்த வழியாக வந்தது?

வானத்து வழியாக! நிலக்கரியில் துளியூண்டு பாதரசம் கலந்திருக்கும். எரித்தால் ஆவியாகிப் புகையோடு மேலே போகும். பழைய பேட்டரியும் உடைந்த தெர்மாமீட்டரும் கிடக்கும் குப்பையை எரித்தாலும் அப்படித்தான். அந்த ஆவி மாதக்கணக்கில் காற்றில் அலையும். ஒரு கண்டத்தில் கிளம்பியது இன்னொரு கண்டத்தில் மழையோடு இறங்கும்.

மழையில் வருவது மிகமிகக் கொஞ்சம். வம்பு தொடங்குவது சேற்றில். அங்கே ஆக்சிஜன் கிடையாது. அதனால் நம் பாக்டீரியாக்கள் கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளுகின்றன. முட்டை நாற்றம் அதன் விளைவு. கூடவே இன்னொரு வேலையும் பார்க்கின்றன: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த சிறு கொத்தைப் பாதரசத்தின் மேல் மாட்டிவிடுகின்றன. இப்போது அதன் பெயர் மெத்தில் பாதரசம். இந்த வேலைக்கு வேண்டிய இரண்டு மரபணுக்களை 2013இல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

ஓதம் ஏறும்போது நண்டு வளைகளுக்குள் தண்ணீர் புகும். வற்றும்போது மெத்தில் பாதரசத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். எவர்கிளேட்ஸின் ஷார்க் ஆற்றில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

பிறகு உண்டியல் கணக்கு. மெத்தில் பாதரசம் உடலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் வெளியேறாது. சின்னஞ்சிறு பாசி ஒரு காசு சேர்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பாசியைத் தின்ற இறாலிடம் கிட்டத்தட்ட நூறு காசு. அப்படிப்பட்ட இறால்களை நாள்தோறும் விழுங்கும் மீன், ஒவ்வொரு வாய்க்கும் ஓர் உண்டியலை உடைத்துத் தன் உண்டியலில் கொட்டிக்கொள்கிறது. அந்த மீனைத் தின்னும் பெரிய மீனோ பல வருடம் வாழும். அதன் சதையில், அது நீந்தும் தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல்கூடச் சேர்ந்துவிடலாம். குழம்பில் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அது போகாது. மூளையையும் நரம்பையும் பாதிக்கும். வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்குத்தான் ஆபத்து அதிகம்.

(இதைச் சாக்காக வைத்து அம்மாவிடம் மீன் தட்டைத் தள்ளிவிடாதீர்கள். நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களின் ஆயுள் குறைவு, உண்டியலும் சின்னது.)

1989இல் எவர்கிளேட்ஸில் ஃபுளோரிடா பேன்தர் ஒன்று செத்துக் கிடந்தது. பூமா வகைப் பெரும்பூனை அது. உடலில் பாதரசம் ஏராளம். பூனை எங்கே மீன் பிடித்தது? பிடிக்கவில்லை. தண்ணீரோரம் மீனும் நண்டும் பிடித்துத் தின்னும் ரக்கூன்களைத் தின்றிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். உண்டியல் கரையேறிவிட்டது! அதே 1989இல், எவர்கிளேட்ஸில் பிடிக்கும் சில மீன்களைச் சாப்பிடாதீர்கள் என்று மாநில அரசு எச்சரித்தது. இன்று அங்கே பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்புகளின் கறிக்கும் அதே எச்சரிக்கைதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் வெள்ளைக் கொக்கு. அதன் உண்டியலில் ஓர் ஓட்டை உண்டு. இறகு முளைக்கும்போது உடலிலுள்ள பாதரசத்தில் ஒரு பங்கு இறகுக்குள் போய்விடும். இறகு உதிர்ந்தால் அதுவும் போச்சு. கூட்டில் இருக்கும் குஞ்சோ, அம்மாவும் அப்பாவும் அக்கம்பக்கத்தில் பிடித்து ஊட்டிய மீனில் வளர்கிறது. ஆகவே அதன் இறகைச் சோதித்தால் அந்த வருடத்து மீன் எப்படி என்று தெரிந்துவிடும். பறவையைக் கொல்ல வேண்டியதே இல்லை.

தென் ஃபுளோரிடாவில் குப்பையையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் எரிக்கும் ஆலைகளின் புகைக்கு 1990களில் கட்டுப்பாடு வந்தது. பேட்டரிகளிலும் பாதரசம் குறைக்கப்பட்டது. 1994இலிருந்து வருடா வருடம் கொக்குக் குஞ்சுகளின் இறகைச் சேகரித்து வந்தவர்கள் 2000இல் பழைய கணக்கோடு ஒப்பிட்டார்கள். இறகிலிருந்த பாதரசம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.